குளிர்காலம் முடியும் வரை அது உறங்கட்டும்

கணபதி, கோயம்புத்தூர்
நவம்பர் 9

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, உன் துணிக்கூரை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை டிசம்பர் பிறந்ததும் மான்ட்ரியலுக்கு வெளியே தோழியின் பண்ணைக் கொட்டகையில் நிறுத்தப்போவதாகவும், வாரம் தவறாமல் போய் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு வரப்போவதாகவும் சொன்னாய். கொட்டகையில் நிறுத்துவது நல்ல முடிவு. அந்தப் பத்து நிமிடம்தான் வேண்டாம் என்கிறேன். ஏன் என்பதைத் தொலைபேசியில் முழுதாகச் சொல்ல முடியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

உன் அப்புச்சியின் அம்பாசிடர் உனக்கு நினைவிருக்கும். அவரால் ஓட்ட முடியாமல் போன பிறகு அது காங்கயம் தோட்டத்துச் சாளையில் ஒன்றரை ஆண்டு நின்றது. வண்டி கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறையில், ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் ஓடவிடும்படி பண்ணையத்தில் இருந்தவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன். அவரும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பிறகு ஒருநாள் அதை எடுத்துவரப் போய், ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றியபோது, அதன் அடிப்பக்கத்தில் வெண்ணெய் திரண்டதுபோல் வெளிர்மஞ்சள் பசை அப்பியிருந்தது. வண்டிக்கு அடியில் படுத்து, சைலன்ஸரின் பின்மூலையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன். அழுத்தாமலே முனை உள்ளே இறங்கியது, துரு கரைந்த தண்ணீர் என் முழங்கை வரை வழிந்தது. மழை மறைவுப் பகுதியான காங்கயத்தில், மார்கழியிலும் பெரிதாகக் குளிராத வறண்ட மண்ணில் நடந்தது இது. உன் ஊரிலோ ஜனவரி இரவுகள் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகின்றன.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. வண்டி அரைமணி நேரமாவது சாலையில் ஓடி, இன்ஜினும் புகைக்குழாயும் நன்கு சூடேறினால் அந்த ஆவி வெளியேறிவிடும். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடினால், அது குளிர்ந்த சைலன்ஸரிலும் இன்ஜினுக்குள்ளும் தண்ணீராகப் படிந்து தங்கிவிடும். அம்பாசிடரில் நான் பார்த்த பசையும் துருவும் அப்படி வந்தவைதான். அத்துடன், குளிர்ந்த இன்ஜின் கூடுதலாகக் குடிக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். இவற்றையெல்லாம்விட, மூடிய கொட்டகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேருமே என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

குளிர்காலத்தில் ஓட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உன் கியூபெக் மாகாணச் சட்டப்படி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். நான்கு சக்கரங்களிலும் அதைப் பொருத்திக்கொண்டு நிதானமாக ஓட்டினால் உன்னுடையதுபோன்ற பின்சக்கர இழுவை வண்டியும் பனியில் போகும். 2003-இல் திறந்த புதிதில் செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் என் தோளில் உட்கார்ந்து பந்தயம் பார்த்த பிள்ளைக்கு, நான்கு மாதம் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியாதா? என் கவலையெல்லாம் உப்பைப் பற்றியது. பனியை உருக்க அவர்கள் சாலையில் கொட்டும் உப்பு, நீரோடு சேர்ந்து அடித்தட்டின் மடிப்புகளிலும் பிரேக் குழாய்களிலும் புகுந்துகொண்டால், மேலே வண்ணம் பளபளக்கும்போதே உள்ளே இரும்பு உதிரும். முப்பது ஆண்டுகள் லேத் பட்டறையில் இரும்போடு இருந்தவன் சொல்கிறேன், ஒருமுறை பிடித்த துருவை முழுதாக விரட்ட முடியாது.

ஆகவே நிறுத்துவதானால் முழுதாக நிறுத்திவிடு. கொட்டகைக்குக் கொண்டுபோகும் முன் ஆயிலையும் பில்டரையும் மாற்று. வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே, ஏனெனில் ஓடிய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் நான்கு மாதம் பேரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும். டேங்க் நிறையப் பெட்ரோல் போடு, ஏனென்றால் காலி இடம் இருந்தால் அதில் காற்றின் ஈரம் படியும். பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தை ஊற்றிய பின் கொட்டகை வரை ஓட்டிப் போனால், அது குழாய்களிலும் இன்ஜெக்டர்களிலும் பரவிவிடும். கூலன்ட் எத்தனை டிகிரி குளிர் தாங்கும் என்று ஒருமுறை சோதித்துக்கொள்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 அளவிலேயே உறைந்து, உள்ளே தகடுகள் வளைந்து, கூடு வெடித்துவிடும். கொட்டகையில் மின்சாரம் இருப்பதால், நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் சிறிய சார்ஜரை வாங்கி மாட்டிவிடு. வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க ஆசைப்பட்டால் அதன் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு வா.

இப்போது இருக்கும் கோடைக்கால டயர்களின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். கடுங்குளிரில் விறைத்த டயரோடு வண்டியை அசைத்தால் பட்டை வெடிக்கக்கூடும். அதனால் குளிர் முற்றும் முன்பே கொண்டுபோ. வெப்பம் 5, 6 டிகிரி குறையும்போதெல்லாம் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும் என்பதால், டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் சற்றுக் கூடுதலாகவே அடித்துவை. ஹேண்ட் பிரேக் போடாதே, அது ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடு. துணிக்கூரையை நன்கு காயவைத்து, மூடிய நிலையிலேயே விடு. மேலே போர்த்துவது காற்றுப் புகும் துணி உறையாக இருக்கட்டும், பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். இன்சூரன்ஸை ஒரேயடியாக ரத்து செய்துவிடாமல், தீக்கும் திருட்டுக்கும் உள்ள பகுதியையாவது வைத்துக்கொள்.

பண்ணைக் கொட்டகை என்றால் எலி வராமல் இருக்காது. புகைக்குழாயிலும் இன்ஜினுக்குள் காற்று போகும் வழியிலும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைத்துவிட்டு, "இரண்டு இடத்தில் நார் இருக்கிறது" என்று அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடு. பட்டறையில் நாங்கள் எந்த இயந்திரத்தை நிறுத்தினாலும் செய்வது இதுதான். நான்கு மாதம் கழித்து யாருக்கும் எதுவும் நினைவிருப்பதில்லை.

மார்ச்சில் வெயிலைப் பார்த்ததும் அவசரப்படாதே. இரண்டு மூன்று நல்ல மழை பெய்து சாலையின் உப்பு கழுவப்படும் வரை பொறுத்திரு. நாரை எடுத்து, டயரில் காற்றைச் சரிபார்த்த பிறகே சாவியைத் திருப்பு. முதல் சில பிரேக்கில் தகட்டின் துரு உராய்ந்து சத்தம் வரும், பயப்படாதே. அன்றைய ஓட்டம் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். திரும்பி வந்து இன்ஜின் ஆறியதும், ஆயில் மூடியைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா