வீட்டு வாசலில் காருக்கு ரீமேப் போடும் கிருஷ்ணகிரி, தர்மபுரி தம்பிகளுக்கு

தம்பிகளே, நான் கிருஷ்ணகிரியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன். முன்பெல்லாம் ஸ்டார்ட்டர் போச்சு, ஒயரிங் எரிஞ்சுது என்றுதான் வண்டி வரும். இப்போது கயிறு கட்டி இழுத்து வருகிற கார்களில் சிலவற்றுக்கு ஒரே கதை: வீட்டில் லேப்டாப் வைத்து ரீமேப் போட்டேன் அண்ணா, பாதியில் நின்றுவிட்டது, ஈசியூ செத்துப்போச்சு. ஈசியூ என்பது இன்ஜினை ஓட்டும் கம்ப்யூட்டர் பெட்டி, அதிலிருக்கும் புரோகிராமை மாற்றி எழுதுவதுதான் ரீமேப்.

பெரும்பாலும் அது சாகவில்லை. பாதியில் நின்ற பிறகு, பதற்றத்தில் நீங்கள் செய்கிற காரியங்கள்தான் அதைக் கொல்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஈசியூவுக்குள் பூட்லோடர் என்று ஒரு சின்னப் பகுதி தனியாக இருக்கும். ஓபிடி போர்ட், அதாவது ஸ்கேனர் மாட்டும் சாக்கெட், வழியாக எழுதும்போது வழக்கமாக அதைத் தொடுவதில்லை. இன்ஜினை ஓட்டும் புரோகிராமை மட்டும் அழித்துவிட்டு, புதியதைத் துண்டு துண்டாக எழுதுகிறது. நடுவில் அறுந்தால் புரோகிராம் அரைகுறை, அதனால் செல்ப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது, சாவி போட்டதும் வழக்கமாக எரியும் செக் இன்ஜின் லைட் வராது, சில வண்டிகளில் ரேடியேட்டர் பேன் தானாக முழு வேகத்தில் ஓடும், ஸ்கேனரில் யூ0100, அதாவது இன்ஜின் ஈசியூவோடு தொடர்பு இல்லை என்று காட்டும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் பூட்லோடர் உள்ளே விழித்துக்கொண்டு, முழு பைலை யாராவது அனுப்புவார்களா என்று காத்திருக்கிறது.

பாலக்கோடு பக்கத்துப் பையன் ஒருவன் ராத்திரி ஒன்பது மணிக்கு டீசல் கார் ஒன்றை இழுத்து வந்தான். அப்பா தக்காளி லோடு ஓட்டிச் சம்பாதித்து வாங்கியது, அவரிடம் இன்னும் சொல்லவில்லை. 47 சதவீதத்தில் நின்றதாம். மல்டிமீட்டரை வைத்தேன், பேட்டரி 11.3 வோல்ட். விசாரித்தால், ஒரு மணி நேரமாக இக்னிஷன் ஆன், ஏசி புளோயர் ஓடுகிறது, போனும் காரிலேயே சார்ஜ் ஏறுகிறது. நின்றதும் டெர்மினலை நான்கு முறை கழற்றி மாட்டியிருக்கிறான். நான் 13.5 வோல்ட்டில் நிலையாக நிற்கும் பவர் சப்ளையை பேட்டரியில் மாட்டி, அவனுடைய கேபிள், அவன் முதலில் எடுத்து வைத்திருந்த ஒரிஜினல் பைல், ரெக்கவரி ஆப்ஷன், அவ்வளவுதான். 47ஐத் தாண்டும்வரை ரெண்டு பேரும் பேசவே இல்லை. 100 வந்ததும் சாவியை ஆப் செய்து, மெயின் ரிலே டிக் என்று விழும்வரை காத்திருந்து மறுபடி போட்டேன். செக் லைட் எரிந்தது. அந்த மஞ்சள் லைட்டைப் பார்த்து ஒருத்தன் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரி, வோல்டேஜ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னிடம் வருவதில் முக்கால்வாசி இதுதான். நல்ல பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் ஆனில் இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றாது, வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும். சாதாரண சார்ஜரை மாட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், பலவற்றில் வோல்டேஜ் அலைபாயும். ஸ்டெபிலைஸ்டு சப்ளை வேண்டும், குறைந்தது 30 ஆம்பியர் தாங்குவதாக. அதுவும் வீட்டுக் கரண்டில்தானே ஓடுகிறது, நம் ஊரில் கோடையில் எப்போது கரண்ட் போகும் என்று யாருக்குத் தெரியும்? பேட்டரியையும் முழு சார்ஜில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஹெட்லைட், புளோயர், ஸ்டீரியோ எல்லாம் ஆப். கதவைத் திறந்து திறந்து மூடாதீர்கள். லேப்டாப் தூங்கக் கூடாது, அப்டேட் ஓடக் கூடாது, யூஎஸ்பி ஹப் நடுவில் வேண்டாம்.

நின்றுவிட்டதா? இக்னிஷனை ஆப் செய்யாதீர்கள், கேபிளைப் பிடுங்காதீர்கள். முதலில் லேப்டாப் சாப்ட்வேர் எழுதி வைக்கும் லாக்கை, அதாவது நடந்ததன் பதிவைப் படியுங்கள். ஈசியூ மறுத்தால் 7எஃப் என்று தொடங்கும் பதில் வரும், கடைசி எண்தான் காரணம். 93 என்றால் வோல்டேஜ் குறைவு. 35 என்றால் ஈசியூவின் பூட்டைத் திறக்க சாப்ட்வேர் அனுப்பும் ரகசிய எண் தப்பு. 36 என்றால் அளவுக்கு மேல் முயன்றாகிவிட்டது, 37 என்றால் காத்திருக்கும் நேரம் இன்னும் முடியவில்லை. இரண்டுக்கும் இக்னிஷனை ஆனில் விட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம். 72 என்றால் எழுதுவதிலேயே கோளாறு. 78 வந்தால் அது தப்பே இல்லை, வேலை நடக்கிறது, பொறு என்று அர்த்தம். அந்த 78ஐப் பார்த்து பயந்து கேபிளைப் பிடுங்கியவர்கள் இருக்கிறார்கள்.

100 வரை போய் முடிந்தும் இன்ஜின் பிடிக்கவில்லை, பி0601 காட்டுகிறது என்றால் பைலில் செக்சம், அதாவது பைல் சரியா என்று ஈசியூ ஒத்துப் பார்க்கும் கூட்டு எண், அதைச் சரி செய்யாமல் எழுதியிருக்கிறீர்கள். பி0602 என்றால் புரோகிராமிங் முழுமையாகவில்லை. ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் ஈசியூவின் ஹார்டுவேர் எண்ணும் சாப்ட்வேர் எண்ணும் வேறாக இருக்கும், அதனால் நண்பன் காரிலிருந்து எடுத்த பைலை அப்படியே உங்கள் காரில் கொட்டாதீர்கள். அப்புறம், சில கருவிகள் 'ரீட்' செய்கிறேன் என்று ஈசியூவைப் படிக்காமல், எண்ணை மட்டும் பார்த்து சர்வரிலிருந்து ஒரு பைலைக் கொடுத்துவிடும். அதை உங்கள் வண்டியின் முழு பேக்கப் என்று நம்ப முடியாது, சரியான சாவி இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் இம்மொபிலைசரின் தகவல் அதில் இருக்காது.

ஓபிடியில் ரெக்கவரி ஆகவில்லை என்றால் அதோடு நிறுத்துங்கள். இதற்கு மேல் ஈசியூவைக் கழற்றி மேஜையில் வைத்து நேரடியாக ஒயர் கொடுத்து எழுதும் பெஞ்ச் வேலை, பூட் மோட் வேலை. அரூரிலிருந்து வந்த ஒரு ஈசியூ பெட்டியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. வீடியோ பார்த்து, கறுப்பு சீலன்ட் ஒட்டியிருந்த மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதில் உள்ளே மயிரிழை போன்ற கம்பிகள் அறுந்து கிடந்தன. எழுதுவது பாதியில் நின்றபோது அந்த ஈசியூ நன்றாகத்தான் இருந்திருக்கும். வேறு பெட்டி வாங்கினால் இம்மொபிலைசரும் சாவியும் ஒத்துப்போக வைக்க வேண்டும், அது தனிச் செலவு.

இன்னொன்று. புது மேப் போட்ட கையோடு தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டெஸ்ட் பார்க்கப் போகாதீர்கள். லோடு லாரி நிறைந்த இறக்கத்தில் இன்ஜின் ஆப் ஆனால் பவர் ஸ்டீரிங்கும் கூடவே போகும், பிரேக் பூஸ்டர் ரெண்டு மூன்று மிதிக்கு மேல் தாங்காது.

வண்டியைக் கொண்டு வரும்போது எத்தனை சதவீதத்தில் நின்றது, எந்த எண் வந்தது, எந்த பைல் போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், ஈசியூ லேபிளின் போட்டோவும் ஒரிஜினல் பைலும் இருக்கட்டும். நான் திட்ட மாட்டேன். பெட்டியை மட்டும் திறக்காமல் கொண்டு வாருங்கள்.