சேலம் கணக்கில் கிடக்கும் நம்மூர்ப் பெயர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் விழுந்து, அருணாசலப் பிரதேச மலைக்காட்டில் கிடந்த 'ஹாட் ஆஸ் ஹெல்' என்ற அமெரிக்க விமானத்தைப் பற்றி நம் பக்கம் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது. பி-24 லிபரேட்டர் ரகக் குண்டுவீச்சு விமானம் அது. ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்துச் சீனாவுக்குப் போகும் சாலையை அடைத்துவிட்டதால், சீனாவில் இருந்த அமெரிக்க விமானப் படைக்குப் பெட்ரோல், குண்டு எல்லாமே இமயமலைக்கு மேலே பறந்துதான் போக வேண்டும், குண்டு போடுகிற விமானமே இந்தியாவுக்கு வந்து தன் சரக்கையும் சுமந்துகொண்டு போகும். 1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவாவுக்குக் கிளம்பிய ஐந்து விமானங்களில் ஒன்றான இது வந்து சேரவில்லை. வானிலை அவ்வளவு மோசம். அதில் இருந்தவர்கள் எட்டுப் பேர்.

2006இல் கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்கர் அந்த மலைக்கே ஏறிப் போய் உடைந்த பாகங்களைக் கண்டுபிடித்தார். தோண்டிப் பார்க்க 2015 ஆகிவிட்டது. கிடைத்ததை வைத்து, அந்த எட்டுப் பேரில் ஒருவரான லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்போர்டை அடையாளம் கண்டு, 2017இல் ஜார்ஜியா மாநிலத்தில் அவருடைய சொந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். 73 வருஷம் கழித்து!

சண்டையில் இறந்தவரைப் பெயர் சொல்லி நினைப்பது நமக்கும் தெரியாத வழக்கம் இல்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களைப் போய்ப் பாருங்கள், பல்லவ அரசனின் ஆட்சியாண்டைப் போட்டு, மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவன் யார், யாருடைய ஆள் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாதவர்கள் யார் யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பெயர்கள் இல்லாமல் போகவில்லை. உலகப் போர்களில் இறந்த பிரிட்டிஷ், இந்தியப் படையினர் போன்றோரின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் இந்தியச் சிப்பாய்கள் பலருக்குத் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் வரைக்கும் இருக்கிறது, இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரங்கூன் பக்கம் தாவுக்கியானில் உள்ள நினைவுச் சின்னத்தில் மட்டும், கல்லறை என்று ஒன்று இல்லாத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்கள் உள்ளன, பெரும்பாலும் இந்தியர்கள். ஆனால் தருமபுரி தனி மாவட்டமானது 1965இல், கிருஷ்ணகிரி 2004இல். போர் நடந்த காலத்தில் எல்லாமே சேலம் மாவட்டம்தான். மாவட்டத்தை வைத்துத் தேடுகிறவர் சேலம் என்று தேட வேண்டும், அதிலும் ஊர்ப் பெயர்கள் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை, உள்ளூர் ஆள் பார்த்தால்தான் பிடிபடும்.

ஆகவே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இந்தச் சேலம் பட்டியலை எடுத்து அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று பிரித்துக் கொடுக்கட்டும், மீதியைப் பள்ளி வரலாற்று ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் பார்த்துக்கொள்வார்கள். தாத்தாவின் மெடல், பட்டாளத்திலிருந்து வந்த தந்தி, பென்ஷன் காகிதம் என்று வீட்டுப் பெட்டியில் கிடப்பதைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் நாளிதழ் மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒருமுறை கொஞ்சம் இடம் ஒதுக்கினால் போதும், வாசகர்களே அனுப்பி வைப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாலக்கோடு