எடை மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போர்முனை உணவு பற்றிய உங்கள் கட்டுரை, அமெரிக்க ராணுவம் 1980-களின் தொடக்கத்தில் தகர டப்பாவை விட்டு எம்.ஆர்.இ. (உண்ணத் தயாரான உணவு) பைகளுக்கு மாறியதற்கு எடைக் குறைவை மட்டுமே காரணமாகச் சொல்கிறது. பையின் தட்டையான வடிவத்தையும் சொல்லியிருக்க வேண்டும்.

1810-இல் பீட்டர் டூரண்ட் காப்புரிமை பெற்ற காலம்தொட்டே டப்பா பெரும்பாலும் உருளைதான். அதன் நடுப்பகுதிக்கும் சூடு ஏறி, கொடிய நச்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் சாகும்வரை 121 டிகிரி செல்சியஸில் வைத்தால், ஓரத்தில் இருக்கும் உணவு குழைந்துபோகும். இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் படுத்துக் கிடக்கும் பையில் நடுப்பகுதி சீக்கிரமே சூடேறிவிடும். சோறும் கறியும் பதம் கெடாமல் தப்புவது அதனால்தான்.

இப்படி அழுத்தக் கலனில் வேகவைக்கும் பைக்கு ரிட்டார்ட் பை என்று பெயர். அதன் வழக்கமான உறை மூன்றடுக்கு. வெளியே 12 மைக்ரான் பாலியெஸ்டர், நடுவில் 9 மைக்ரான் அளவில் அலுமினியத் தாள், உள்ளே 70 மைக்ரான் பாலிப்ரொப்பிலீன். உள்ளடுக்குக்குச் சாதாரண பாலித்தீனைப் போட்டால் அந்தச் சூட்டில் இளகிவிடும்.

கோளாறு அதிகம் வருவது வாய் ஒட்டும் இடத்தில். நிரப்பும்போது ஒரு சொட்டு எண்ணெயோ ஒரு பருக்கையோ அங்கே பட்டுவிட்டால், மேலுக்கு ஒட்டியதுபோல் தெரிந்தாலும் உள்ளே ஒரு நுண்ணிய வழி இருக்கும். குளிரும் நேரத்தில் அதன் வழியே தண்ணீரும் கிருமியும் புகும். பைக்குள் காற்று தங்கினாலும் ஆபத்து: சூட்டில் அது விரிந்து ஒட்டிய வாயை இழுக்கும். வெந்து முடிந்ததும் கலனின் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால், உள்ளே இன்னும் கொதிக்கும் பை ஊதிப் பிளந்துவிடும். குளிர்நீர் விடும்போது அழுத்தக் காற்றையும் சேர்த்துச் செலுத்துவது இதற்காகத்தான்.

பையைச் சுற்றியுள்ள அட்டைப்பெட்டியைக் கட்டுரை வீண் குப்பை என்கிறது. இதை ஏற்க முடியவில்லை. பை மடங்கி மடங்கிக் கசங்கினால் அலுமினியத் தாளில் ஊசித்துளை விழும். அந்தக் கசங்கலைத் தடுப்பது அட்டைதான்.

‘பல ஆண்டுகள் கெடாது’ என்ற வரிக்கும் திருத்தம் தேவை. எம்.ஆர்.இ.க்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச ஆயுள் 27 டிகிரியில் 3 ஆண்டு. 38 டிகிரியில் 6 மாதம்தான். கோடையில் தகரக் கொட்டகைக்குள் நிவாரண உணவுப் பைகளை அடுக்கி வைப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் கொள்ள வேண்டும். உப்பிய பையையும், ஒட்டிய விளிம்பில் பிசுபிசுக்கும் பையையும் ருசி பார்க்காமலே ஒதுக்கிவிட வேண்டும்.

— உணவுத் தொழில்நுட்பத் துறை வாசகர், கோவை