மறுநாள் செய்தியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்பன் வடகடல் பக்கம் கடல் உள்வாங்கியது, மக்கள் அச்சம் என்று போன வாரம் செய்தி போட்டிருந்தீர்கள். அந்த மக்களில் நானும் ஒருவன். 30 வருடமாக நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறேன்.

அன்று காலை படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. பாசி படிந்த கல்லெல்லாம் வெளியே தெரிந்தது. "2004-லும் இப்படித்தான் ஆச்சு" என்று ஒரு குரல் பதிவு எல்லார் போனிலும் சுற்றியது. என் மாமியார் ரேஷன் கார்டையும் பேத்தியின் மருந்தையும் பையில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். மத்தியானத்துக்குள் தண்ணீர் பழையபடி ஏறிவிட்டது.

ராத்திரி என் படகுக் கணக்கு நோட்டைப் புரட்டினேன். டீசல், ஐஸ், மீன்பாடு எழுதும்போதே காற்று எப்படி, தண்ணீர் எப்படி என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுவது வழக்கம். இரண்டு வருடத்தில் 14 இடத்தில் "தண்ணீர் வற்றி படகு தரைதட்டியது" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. முக்கால்வாசி அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி. மிச்சம் காற்று திரும்பிய நாட்கள். ஆழமில்லாத கடல், கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலே தரை தெரியும். ஆனால் நோட்டைப் பார்க்காமல் கேட்டிருந்தால் இரண்டை மட்டும்தான் சொல்லியிருப்பேன்: மறுநாள் மச்சான் படகு கவிழ்ந்தது ஒன்று, அந்த வாரமே புயல் சின்னம் வந்தது ஒன்று. மற்ற 12 நாளும் மனதில் தங்கவே இல்லை.

கல்லூரியில் உளவியல் படிக்கும் என் மகள் 2, 4, 6 என்று மூன்று எண் சொல்லி, இதில் உள்ள விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னாள். 8, 10, 12 அந்த விதிக்குப் பொருந்துமா என்றேன், சரி என்றாள். 20, 22, 24, அதுவும் சரி. இரண்டிரண்டாகக் கூடுகிறது என்றேன். இல்லையாம். ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் பொருந்துமாம். 1960-ல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் நடத்திய சோதனை அது. 29 பேரில் 6 பேர்தான் முதல் தடவையே சரியாகச் சொன்னார்களாம். 3, 10, 50 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் என் கணக்கு தப்பென்று எனக்கே தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை. கடல் விஷயத்திலும் அப்படித்தான்: பயத்துக்குப் பொருந்திய இரண்டு நாள்தான் நினைவில் நின்றது, பொருந்தாத 12 நாளைத் தேடிப் பார்க்கவில்லை.

பயப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலம் அதிர்ந்தாலோ, ஹைதராபாத் சுனாமி மையத்தின் எச்சரிக்கை வந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மீறி திடீரென்று உள்ளே போனாலோ ஓடத்தான் வேண்டும். ஆனால் நாலு தடவை வீணாகப் பயந்தால் ஐந்தாவது தடவை மாமியார் அந்தப் பையை எடுக்க மாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன். கடல் உள்வாங்கிய செய்தி போட்டால், எத்தனை மணிக்குத் தண்ணீர் திரும்பியது, அன்று காற்று எந்தப் பக்கம், என்ன திதி என்பதையும் மறுநாள் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். விவரம் வேண்டுமென்றால் என் நோட்டைத் தருகிறேன்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர், பாம்பன்