ஆறவில்லை, ஆரவில்லை

அன்பு மகளுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எப்போதும் எழுதுவேன். இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நீ ஒரு சொல் கேட்டிருந்தாய். "அம்மா, ஃபிரஸ்ட்ரேஷனுக்குத் தமிழில் என்ன?" ஐந்து வாரமாக 'ம்', 'சரி', 'பிறகு பேசுறேன்' இவற்றைத் தவிர ஒன்றும் வராத இடத்தில் முழுசாக ஒரு வரி. அதுவும் தமிழில். வந்த சந்தோஷத்தில் நான் யோசிக்கவே இல்லை. 'விரக்தி' என்று அனுப்பிவிட்டேன். நீயும் உடனே 'ஆமா, அதுதான்' என்று போட்டாய். அதோடு சரி. அப்புறம் இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை.

நான் சொன்னது தவறான சொல். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ கேட்டபோது அங்கே மணி என்ன என்று மறுநாள்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடியற்காலை 3.10. வேலை விஷயமாக யாருக்காவது எழுதிக்கொண்டிருந்திருப்பாள், அதற்குக் கேட்டிருப்பாள் என்கிறார் அப்பா. இருக்கலாம். உன் கீழே 12 பேர் வேலை செய்கிறார்கள் என்று சின்னவன் சொன்னதிலிருந்து அப்பாவுக்கு எல்லாமே வேலை விஷயம்தான். போகிற வருகிறவர்களிடமெல்லாம் அந்த 12 பேரைப் பற்றித்தான் பேச்சு. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 12 பேரை வைத்து வேலை வாங்குகிறவளுக்குப் பெற்றவளிடம் இரண்டு நிமிஷம் பேச முடியாதா என்றும் தோன்றுகிறது. சரி, விடு. நேரத்துக்குத் தூங்கு.

விரக்தியைப் பற்றிச் சொல்கிறேன். இன்றைக்குப் பத்திரிகையில் 'விரக்தியின் உச்சத்தில்' என்று எழுதுகிறார்கள். தேர்வில் தோற்றவன், வேலை கிடைக்காதவன், கேட்டது நடக்காதவன் எல்லோருக்கும் விரக்தி என்றுதான் போடுகிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் நானும் சொல்லிவிட்டேன். ஆனால் அது வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் பழைய பொருள் பற்றின்மை. துறவிகளை 'விரக்தர்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. ராகம், அனுராகம், வைராக்கியம், ரத்தம் எல்லாம் அதற்குச் சொந்தக்காரச் சொற்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சாயம் ஏறுவது, சிவப்பது என்ற பொருள். மனசில் ஒன்றின் சாயம் ஏறினால் ராகம். அந்தச் சாயம் போய்விட்டால் விரக்தி. துவைத்துத் துவைத்து நிறம் போன துணி மாதிரி.

எதுவும் வேண்டாம், யாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டவர்களுக்குச் சொல்கிற சொல் அது. அதற்குத்தான் நீ 'ஆமா, அதுதான்' என்றாய். அன்றிலிருந்து என் மனசு என்னிடம் இல்லை. பேச்சுவாக்கில் சொல்லியிருப்பாய், பத்திரிகைக்காரர்கள் எழுதுகிற அர்த்தத்தில் சொல்லியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்குச் சரியான சொல் ஆற்றாமை. தயவுசெய்து அதையே வைத்துக்கொள்.

ஆற்றாமைக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, செய்ய முடியாமை. பணி ஆற்றினார், உரை ஆற்றினார் என்கிறோமே, அந்த ஆற்றுதல் முடியாமல் போவது. இன்னொன்று, தாங்க முடியாமை. குறளில் 116-வது அதிகாரத்துக்குப் பெயரே 'பிரிவாற்றாமை'. அதன் கடைசிக் குறளில் தலைவி சொல்கிறாள், 'பிரிவாற்றிப் பின்இருந்து வாழ்வார் பலர்' என்று. பிரிவைத் தாங்கிக்கொண்டு அதற்குப் பிறகும் உயிரோடு இருக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். அந்தப் 'பலர்' கூட்டத்தில் அவள் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அங்கேதான் அந்தச் சொல்லின் வலி இருக்கிறது. ஒன்றைச் செய்யவும் முடியவில்லை, செய்ய முடியாததைத் தாங்கவும் முடியவில்லை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷர் என்ன ஆவார்களோ அதுதான் ஆற்றாமை. கோபம் மாதிரி இருக்கும், ஆனால் யார் மேல் என்று தெரியாது. சில பேர் பொறாமைக்குக்கூட அந்தச் சொல்லைப் போடுகிறார்கள், அடுத்தவன் நன்றாக இருப்பது பொறுக்காத ஆற்றாமை என்று. எனக்கு அது பிடிக்காது. அவ்வளவு பெரிய சொல்லை அவ்வளவு சின்ன இடத்தில் வைக்க வேண்டாம்.

விரக்தியில் ஆசை செத்துவிடுகிறது. ஆற்றாமையில் அது உயிரோடுதான் இருக்கிறது, அதனால்தான் வலிக்கிறது. உனக்கு வலித்தால்கூட எனக்கு ஒரு தைரியம் வரும். ஒன்றுமே இல்லை என்று நீ சொன்னால்தான் பயம்.

கேட்க வேண்டும் என்று எழுதவில்லை, சும்மா எழுதுகிறேன். முன்பெல்லாம் வீடியோவில் பேசும்போது மாப்பிள்ளை பின்னால் வந்து நின்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். கடைசி மூன்று முறையும் காணோம். அவருக்கும் வேலை இருக்கும். நீ உட்கார்ந்திருந்த அறையும் வேறு மாதிரி இருந்தது, சுவரில் அந்தப் படம் இல்லை. வீட்டை மாற்றி அடுக்கியிருப்பீர்கள். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். அப்பாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. நேரத்துக்குத் தூங்கு. தூங்கு என்று சொல்கிறேனே தவிர, தூக்கம் வராவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது. வரவில்லை என்றால் எழுந்து நட, விளக்கைப் போட்டுக்கொள். இருட்டில் படுத்துக்கொண்டு யோசிக்காதே.

சின்னவன் நன்றாக இருக்கிறான். அத்தை காலுக்கு இப்போது தேவலை.

நீ ஒரு முறை சொன்னாய், "அம்மா, உங்க ஆதங்கத்தைத்தான் என்னால தாங்க முடியல." அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தச் சொல்லையும் எடுத்துப் பார்த்தேன். வடமொழியில் அதற்கு நோய், வேதனை, பயம் என்றெல்லாம் பொருள். நமக்கு அது வேண்டியவர்கள் மேல் வருகிற வருத்தம், நன்றாக இருக்க வேண்டியது இப்படி ஆகிவிட்டதே என்கிற அங்கலாய்ப்பு. அதே சொல் இந்தியில் 'ஆதங்க்'. பயங்கரவாதத்துக்கு அவர்கள் 'ஆதங்க்வாத்' என்கிறார்கள். ஒரே சொல் இங்கே பாசமாகவும் அங்கே பயங்கரமாகவும் இருக்கிறது. நான் ஆதங்கம் என்று நினைத்துச் சொன்னதெல்லாம் உன் காதில் எந்த மொழியில் விழுந்ததோ.

இப்போது நான் எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை இரவு தூக்கம் வராமல் அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விரக்தியைப் பார்த்துவிட்டு ஆற்றாமைக்குப் போனேன். அங்கே ஆறு, ஆற்று என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. சூடு ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும். 'ஆறுவது சினம்' என்று நீ மழலையில் சொல்லிக்கொண்டு வீடு முழுக்க ஓடியது இன்னும் காதில் இருக்கிறது. பசியாறுகிறோம், இளைப்பாறுகிறோம். அழுகிறவரைத் தேற்றுவது ஆறுதல். தானாக நடந்தால் ஆறுதல், இன்னொருவர் செய்தால் ஆற்றுதல். சூடான பாலை யாராவது ஆற்றிக் கொடுத்தால் சீக்கிரம் ஆறும். அப்படியே விட்டாலும் ஆறும், நேரம் ஆகும். ஆற்றலும் அங்கே இருந்துதான் வருகிறது. குறளில், பசியைப் பொறுத்துக்கொள்கிறவரின் ஆற்றலைவிட, அந்தப் பசியை மாற்றுகிறவரின் ஆற்றல்தான் பெரிது என்று வரும். தாங்குவதும் ஆற்றல், அடுத்தவர் தாங்குவதைக் குறைப்பதும் ஆற்றல், இரண்டாவதுதான் பெரிது. 31 வருஷம் மெய்ப்பு பார்த்தேன், அந்தக் குறளை எத்தனை புத்தகத்தில் எழுத்துப் பிழை பார்த்திருப்பேன். படிக்கவில்லை, பிழை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்துக்குப் போகும் வழியில்தான், நாலைந்து தாள் முன்னால், இன்னொரு சொல் கண்ணில் பட்டது. சின்ன ர போட்ட 'ஆர்'. ஆர்தல் என்றால் நிறைதல். வயிறார, கண்ணார, வாயார, மனமார என்று சொல்கிறோமே அது. ஆர்வமும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

அகராதியை அப்படியே மூடிவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்குத் தெரியும், ஞாபகம் இருக்கும்.

நீ பன்னிரண்டாவது முடித்த அந்த மே மாதம். படிப்பு விஷயத்தில் நாங்கள் முடிவு செய்த பிறகு, இரண்டு பக்கம் எழுதி என் மேசையில், மெய்ப்புத் தாள்களுக்கு மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாய். 'எவ்வளவு அழுதும் மனசு ஆரவில்லை அம்மா' என்று அதில் ஒரு வரி. நான் முழுக்கப் படித்தேன். படித்து முடித்ததும் கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. ஆரவில்லையை அடித்து, ஓரத்தில் பெரிய ற போட்டேன். இன்னும் மூன்று இடத்தில் ஒற்று விட்டிருந்தாய், அதையும் போட்டேன். உன் மேசையில் திருப்பி வைத்துவிட்டேன்.

உனக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுதியது அத்தனையும் நியாயம் என்று தெரிந்தது. அப்பாவிடம் போய்ப் பேசியிருக்கலாம். உன் அறைக் கதவைத் தட்டியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது பிழை திருத்துவது ஒன்றுதான், அதைச் செய்தேன். உன்னை ஆற்ற வேண்டிய இடத்தில் உன் எழுத்தைத் திருத்தினேன். அன்றைக்கு அதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டேன். கண்டிப்பு இல்லை. பயம். உன் அழுகையைப் பார்க்கப் பயந்துகொண்டு எழுத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நீ எனக்குத் தமிழில் எதுவும் எழுதவில்லை. விடுதியிலிருந்து வந்ததெல்லாம் ஆங்கிலக் கடிதம். ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. காலம் மாறிவிட்டது, பிள்ளைகள் இப்படித்தான் என்று மற்றவர்களிடம் குறைபட்டுக்கொண்டேன். குறை யாருடையது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

இதில் இன்னொன்று. நீ எழுதியது பிழையா என்றுகூட இப்போது எனக்குத் தெரியவில்லை. மனசு ஆறவில்லை என்றால் காயம் ஆறவில்லை, சூடு அடங்கவில்லை. மனசு ஆரவில்லை என்றால் மனசு நிறையவில்லை. எவ்வளவு அழுதும் நிறையவில்லை. அதுவும் தமிழ்தான், அதுவும் சரியான வாக்கியம்தான். பதினேழு வயதில் நீ இதையெல்லாம் யோசித்து எழுதியிருக்க மாட்டாய். இருந்தாலும் நான் ஒரு நிமிஷம் நின்று, இவள் என்ன சொல்கிறாள் என்று பார்த்திருக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமையும் அதையேதான் செய்தேன். நீ சொல் கேட்டாய், சொல்லைக் கொடுத்தேன். இதை எதற்குக் கேட்கிறாய் கண்ணு என்று கேட்கவில்லை.

அந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போட்டிருப்பாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பச்சை டிரங்குப் பெட்டியில், உன் ரெக்கார்டு நோட்டுகளுக்கு அடியில் இருந்தது. என் சிவப்பு மை வெளுத்துவிட்டது. உன் நீலம் அப்படியே இருக்கிறது.

மெய்ப்பில் தெரியாமல் ஒரு சரியான சொல்லை அடித்துவிட்டால் அதற்கும் ஒரு குறி உண்டு. அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். அச்சுக் கோப்பவர் திருத்தத்தை விட்டுவிட்டுப் பழையபடியே வைப்பார். நேற்று அதைப் போட்டேன். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடு, நான் வைத்துக்கொள்கிறேன்.

போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு இப்போது காது மந்தம், அவர் எழுந்துகொள்ள மாட்டார், அதனால் நேரம் பார்க்காதே. பேச வேண்டும் என்றுகூட இல்லை. கூப்பிட்டுவிட்டு நீ சும்மா இருந்தாலும் நானும் சும்மா இருக்கிறேன். எழுதுவதாக இருந்தால் பிழை பார்க்க மாட்டேன்.

நேரத்துக்குத் தூங்கு.

அம்மா