கணினியின் மூடியைத் திறந்தது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈரோட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வேறெங்கோ சர்வீஸுக்குப் போய்வந்த கணினிகளில் 16 ஜிபி ராம் (நினைவகம்) இருந்த இடத்தில் 8 ஜிபி இருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஸ்க்ரூ மேல் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கர் மட்டும் கிழியாமல் இருக்கும். ஹேர் டிரையர் சூட்டில் பசை இளகிவிடும். அப்புறம் அதையே திரும்ப ஒட்டிவிடலாம்.

அலுவலகங்களுக்கான டெல், ஹெச்பி டெஸ்க்டாப்கள் பலவற்றில் மூடிக்கு உட்புறம் சின்ன சுவிட்ச் ஒன்று உண்டு. மூடியைக் கழற்றினால் அது விடுபடும். பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் மதர்போர்டு பேட்டரியின் தயவில் அது பதிவாகி, அடுத்த முறை ஆன் செய்ததும் திரையில் எச்சரிக்கை வரும். கணினி ஆன் ஆனதும் முதலில் இயங்கும் பயாஸ் அமைப்பில் இந்த வசதியை இயக்கி வைக்க வேண்டும், பாஸ்வேர்டும் போட வேண்டும். இல்லாவிட்டால் திறந்தவரே பதிவை அழித்துவிடுவார். இவ்வளவு நல்ல வசதியைப் பள்ளி லேப்களில் யாரும் தொடுவதே இல்லை.

சாப்ட்வேர் கோளாறுக்காக மட்டும் கொடுக்கும் லேப்டாப் என்றால், யாராவது திறந்தார்களா என்று கண்டுபிடிக்க மினுமினுப்பு நெயில் பாலிஷ் போதும். 2013-இல் ஹாம்பர்க்கில் நடந்த கணினி மாநாட்டில் ஆய்வாளர்கள் சொன்ன வழி இது. ஸ்க்ரூவும் உறையும் சேரும் இடத்தில் தடவி, காய்ந்ததும் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். லேப்டாப் திரும்பி வந்ததும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துகள்கள் விழுந்த அதே கோலத்தை மறுபடி கொண்டுவருவது மிகக் கடினம்.

திறந்துதான் ஆக வேண்டிய பழுது என்றால், ராம், டிஸ்க் சீரியல் எண்களை ரசீதில் எழுதித் தருவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். என் கடையில் அப்படித்தான் தருகிறேன். ஐந்து நிமிட வேலை.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
ஈரோடு.