கணினியின் நேரத்தை வேலை நடுவில் திருப்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

அலுவலகத்தின் மற்றக் கணினிகளுக்குப் பொதுவாக இயங்கும் சேர்வர் கணினியின் நேரம் முந்தினாலோ பிந்தினாலோ, சுவர்க்கடிகாரத்தின் முள்ளைத் திருப்புவதுபோல் அதை வேலை நேரத்திலேயே திருப்பிவிடும் பழக்கத்தை யாழ்ப்பாணத்து அலுவலகங்களில் நான் தொடர்ந்து கண்டுவருகிறேன். அதனால் விளையும் கேட்டையும், லினக்ஸ் பணிசெயல் முறைமையிலேயே அமைந்துள்ள மாற்றுவழியையும் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நான் பராமரிப்புக்குச் சென்ற கூட்டுறவுச் சங்கம் ஒன்றில், சில நிமிடங்கள் முந்தி ஓடிய சேர்வரின் நேரத்தை, அங்கத்தவர்கள் வரிசையில் நின்ற வேளையில் யாரோ பின்தள்ளியிருந்தார்கள். அதன்பின் வெட்டிய பற்றுச்சீட்டுகளில் இலக்கம் கூடியிருக்க நேரம் குறைந்திருந்தது. கணக்காய்வில் விளக்கம் சொல்ல நேர்ந்ததோ, இதில் எந்தப் பங்கும் இல்லாத எழுதுநருக்கு. நேரத்தைப் பின்தள்ளினால் கடந்த நிமிடங்கள் மறுபடி வருகின்றன. முன்தள்ளினால் சில நிமிடங்கள் வராமலே போகின்றன.

லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல், தன் கடிகாரத்தைத் திருத்துவதற்கு அட்ஜ்டைம்எக்ஸ் என்னும் சிஸ்டம் கோலை (மென்பொருள்கள் கேர்னலிடம் வேலை கேட்கும் வழியை) வைத்திருக்கிறது. டெலவெயார் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து 2024 இல் காலமான டேவிட் மில்ஸ் வகுத்த திருத்தமுறையே அதற்கு அடிப்படை. வழக்கமான பயன்பாட்டில் அது நேரத்தைத் தாவவிடுவதில்லை. கடிகாரம் ஓடும் வேகத்தையே சற்றுக் கூட்டியோ குறைத்தோ, கடந்த கணம் எதுவும் திரும்பி வராதபடி, பிழையை மெல்லக் கரைக்கிறது. வழக்கமான முறையில் அவ்வேக மாற்றத்துக்குப் பத்து இலட்சத்தில் 500 பங்கு என்ற எல்லை உண்டு, நாளொன்றுக்கு 43.2 செக்கன். ஆகவே ஒரு செக்கன் பிழை தீர 2000 செக்கன், ஏறத்தாழ 33 நிமிடம், செல்லும். இதைத் தாமதம் என்று குறைசொல்வோர் உளர். பணக்கணக்கு எழுதும் கணினிக்கு இந்த நிதானமே வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கணினியின் கடிகாரத்தை ஓட்டும் குவாட்ஸ் பளிங்கு பத்து இலட்சத்தில் 10 பங்கு மெதுவாக அதிர்ந்தாலே, மாதத்தில் சுமார் 26 செக்கன் பிந்திவிடும். அத்தகைய இயல்பான பிசகையும் இதே சிஸ்டம் கோலில் வேகத் திருத்தத்தைக் குறிக்கும் இடமான அதிர்வெண் புலத்தில் எழுதி நிரந்தரமாக ஈடுசெய்யலாம். அப்புலம் 65536 மடங்காகவே எண்ணைக் கொள்ளும். 10 பங்குக்கு 655360 என்று எழுத வேண்டும், வெறும் 10 என்று எழுதினால் பயனில்லை. நேரத்தை வாசிக்க எவருக்கும் தடையில்லை. மாற்றுவதற்கு மட்டும் தனி அதிகாரம் தேவை. அவ்வதிகாரத்தை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்துவிடுவதே பல இடங்களில் தொல்லையின் தொடக்கம்.

பிழை நிமிடக் கணக்கில் இருந்தால் இந்த மெதுவான வழி போதாது. அப்போது அலுவலகம் மூடியபின் தரவுத்தளத்தை நிறுத்தி, நேரத்தை ஒரே முறையில் சரிசெய்து, மீண்டும் தொடக்குவதே முறை.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் நாட்டு நேரம் 1996 இல் இருமுறை மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணி வித்தியாசத்துக்கு வந்தது. கேர்னலோ உலகப் பொதுநேரத்தையே எண்ணுகிறது. நேரவலயம் அதற்கு வெளியே தனிக் கோப்பில் இருக்கிறது. வலயம் பிழையாக இருப்பதால் திரையில் அரை மணி நேரம் பிசகித் தெரியும்போது, வலயத்தைத் திருத்தாமல் கடிகாரத்தை நகர்த்தினால், திரை சரியாகத் தெரியும், உள்ளிருக்கும் நேரம் கெட்டுவிடும். உள்நுழையும்போது கேட்கப்படும், நேரத்தை வைத்துக் கணிக்கப்பட்டு 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும் பாதுகாப்பு இலக்கங்கள் ஏற்கப்படாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அலுவலகங்கள் தங்கள் பராமரிப்பு ஒப்பந்தங்களில், நேரத் திருத்தம் க்ரோனி போன்ற ஒத்திசைவு மென்பொருள் வழியாகவே நடைபெற வேண்டும் என்றும், கையால் மாற்ற நேர்ந்தால் மாற்றியவர் பெயரும் காரணமும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்றும் ஒரு வாசகத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.